வீடியோவில் வந்த "மூர்கள்" யார்? அல்கோய் ஊர்வலமும் எமது பெயரும்



போன கிழமை எமது ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு வீடியோ ஓயாமல் சுற்றியது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஓர் ஐரோப்பிய நகரத்துத் தெரு. இரண்டு பக்கமும் மாடி வீடுகள், மாடங்கள் நிறையச் சனம். நடுத்தெருவில் தலைப்பாகை கட்டி, பொன் சரிகை அங்கி உடுத்து, தோளோடு தோள் சேர்த்து ஆண்கள் ஒரே வரிசையாக அசைந்து அசைந்து வருகிறார்கள். முன்னால் ஒருவர் வளைந்த வாளைச் சுழற்றுகிறார். பின்னால் முரசு அதிர்கிறது. மேலே பிறைக்கொடி. கீழே யாரோ எழுதியிருந்தார்: "ஸ்பெயினில் மீண்டும் இஸ்லாம் எழுகிறது. அல்ஹம்துலில்லாஹ். எல்லோருக்கும் பகிருங்கள்."

மறுநாள் பத்தாம் தர வரலாற்றுப் பாடவேளையில் ஒரு மாணவி எழும்பிக் கேட்டாள்.

"சேர், அந்த வீடியோவில 'மோரோஸ்' எண்டு எழுதிக் கிடந்திச்சு. எங்கட பிறப்புச் சான்றிதழ இங்கிலீஷில எடுத்தா அதிலயும் 'மூர்' எண்டுதானே போடுறாங்க. அவங்களும் நாங்களும் ஒரே ஆக்களா?"

நல்ல கேள்வி. நாற்பது நிமிடத்தில் பதில் சொல்லி முடிக்க எம்மால் இயலவில்லை. மணி அடித்துவிட்டது. அந்தப் பிள்ளைக்கும், அந்த வீடியோவை நல்ல மனதோடு பகிர்ந்த பெரியவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

கல்வியியற் கல்லூரியில் எமக்கு வரலாறு கற்பித்த விரிவுரையாளர் ஒருவர் ஒரு பழக்கத்தை ஊட்டினார். எந்தப் படம் கையில் கிடைத்தாலும் மூன்று கேள்வி கேட்க வேண்டும். இதில் இருப்பவர் யார்? இதை உண்டாக்கியவர் யார், எப்போது, எதற்காக? இதில் இருக்க வேண்டியவர்களில் இல்லாதவர் யார்? மூன்றாவது கேள்விதான் முக்கியம் என்பார். அந்த ஒழுங்கிலேயே போவோம்.

1) இதில் இருப்பவர் யார்?

இது ஸ்பெயினின் கிழக்குப் பக்கத்தில், வலென்சியாப் பிராந்தியத்து மலைகளுக்கு நடுவே இருக்கும் அல்கோய் என்ற நகரம். சுமார் 60,000 பேர் வாழும் ஊர். கம்பளித் துணிக்கும் கடதாசிக்கும் பேர்போன பழைய தொழில் நகரம். அங்கே வருடந்தோறும், வழக்கமாக ஏப்ரல் 22 முதல் 24 வரை, "மூர்களும் கிறிஸ்தவர்களும்" என்ற விழா நடக்கிறது. அந்தப் பக்கத்தில் இதுபோன்ற விழா நடத்தும் ஊர்கள் ஏராளம். அவற்றில் அல்கோய் விழா மிகப் பழையவற்றில் ஒன்று, மிகப் புகழ்பெற்றதும்கூட.

விழாவின் தொடக்கமாக முதல் நாள் நடப்பதுதான் நாம் பார்த்த ஊர்வலம். அதை அவர்கள் "என்ட்ராதா" என்பார்கள். நுழைவு என்று பொருள். இரண்டு படைகள் ஊருக்குள் நுழைவதாகப் பாவனை. காலையில் கிறிஸ்தவப் படை வரும். இரும்புக் கவசமும் சிலுவைக் கொடியுமாக, விறைப்பான நடை. மாலையில் மூர் படை வரும். இருட்டிய பிறகும் அது தொடரும். மூர்களின் நடை மெதுவானது. பத்துப் பேர் அளவில் தோள் சேர்த்து ஒரு வரிசை. அவர்களுக்கு முன்னால் வாளேந்திய ஒருவர், கூட்டத்தைப் பார்த்தும் தன் வரிசையைப் பார்த்தும் திரும்பித் திரும்பி நடப்பார். அந்த மெதுவான நடைக்கென்றே எழுதப்பட்ட இசை உண்டு. குதிரைகள், நடனக் குழுக்கள், அலங்கார வண்டிகள் எல்லாம் வரும்.

படை ஒன்றுக்கு 14 குழுக்கள். மொத்தம் 28. குழுவை "பிலா" என்பார்கள். மூர் பக்கத்துக் குழுக்களின் பெயர்களில் சில எமக்கும் பழக்கமானவை. "பெனிமெரினெஸ்" என்பது மொரோக்கோவை ஆண்ட பனூ மரீன் வம்சத்தின் பெயர். "அபென்ஸெர்ராஹெஸ்" என்பது கிரனாடாவில் செல்வாக்கோடு இருந்த பனூ ஸர்ராஜ் குடும்பத்தின் பெயர். "முதேஹாரெஸ்" என்பது கிறிஸ்தவ ஆட்சியின் கீழ் முஸ்லிம்களாகவே வாழ்ந்தவர்களுக்கு இருந்த பெயர். வருடத்துக்கு ஒரு குழுவுக்கு மூர் தளபதியாக வரும் முறை கிடைக்கும். அந்தக் குடும்பத்துக்கு அது வாழ்நாள் பெருமை. அதற்காகப் பல காலம் காசு சேர்ப்பார்கள்.

ஆனால் அந்தத் தலைப்பாகைக்குக் கீழே இருப்பவர் முஸ்லிம் அல்ல. அந்த ஊர்க் கத்தோலிக்கர். வங்கி லிகிதராக, ஆசிரியராக, கடைக்காரராக இருப்பவர். மறுநாள் புனித ஜோர்ஜின் திருநாள். அந்த "மூர்"களும்தான் அந்த வழிபாட்டு ஊர்வலத்தில் போவார்கள். வீடியோவை மறுபடி கவனமாகப் பாருங்கள். தளபதிக்குப் பின்னால் வரும் வரிசையில் இரண்டு பேரின் வாயில் பெரிய சுருட்டு இருக்கிறது. அது தற்செயல் அல்ல. சுருட்டோடு நடப்பது அல்கோய் மூர்களின் வாடிக்கை. கோப்பியிலிருந்து செய்யும் ஒரு மதுவும் அந்த ஊரின் அடையாளம். விழா நாள்களில் அது தாராளமாக ஓடும். "இஸ்லாம் எழுகிறது" என்று நாம் பகிர்ந்தது இதைத்தான்.

சிரிப்பு வருகிறது. ஆனால் யாரையும் குறை சொல்ல முடியாது. அந்தலூஸ் என்றதும் எமக்கு மனம் இளகிவிடுகிறது. இளகிய மனதோடு பார்த்தால் கண் பாதிதான் பார்க்கும்.

2) இதை உண்டாக்கியவர் யார், எப்போது, எதற்காக?

விழா நினைவுகூரும் சம்பவம் 1276ஆம் வருடத்தது. அதை விளங்க அதற்கு முன் ஒரு நாற்பது வருடம் பின்னால் போக வேண்டும்.

1238இல் அரகோன் மன்னர் முதலாம் ஜெய்மே வலென்சியா நகரைக் கைப்பற்றினார். அதற்குத் தெற்கே இருந்த மலைப் பள்ளத்தாக்குகளில் முஸ்லிம் தலைவர்கள் இன்னும் கோட்டைகளோடு இருந்தார்கள். அவர்களில் ஒருவர் முஹம்மத் இப்னு ஹுதைல். மக்கள் அவரை அல் அஸ்ரக் என்று அழைத்தார்கள். நீலம் என்று பொருள். அல்கலா பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர்.

1245இல் அவர் மன்னரின் மகன் அல்போன்சோவோடு ஓர் உடன்படிக்கை செய்தார். சில கோட்டைகளைத் தன்னிடமே வைத்துக்கொள்வது, மற்றவற்றைக் காலக்கெடுவோடு ஒப்படைப்பது என்பது அதன் சாரம். அந்தப் பத்திரம் இன்றும் பார்சிலோனாவில் அரகோன் முடியின் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஒரு வரி ஸ்பானியப் பேச்சு மொழியில், அடுத்த வரி அரபியில் என்று மாறி மாறி எழுதப்பட்ட தாள் அது. எமது மாணவர்களுக்கு அதன் படத்தைக் காட்டினோம். "ரெண்டு பேரும் ஒரே தாளில எழுதியிருக்காங்களே" என்றான் ஒரு பையன். ஆம், அப்படியும் ஒரு காலம் இருந்தது.

உடன்படிக்கை நிலைக்கவில்லை. அல் அஸ்ரக் கிளர்ந்தெழுந்தார். பல வருடப் போராட்டத்தின் பின் 1258இல் நாடு கடத்தப்பட்டார். இடையில் 1256இல் அல்கோயில் கிறிஸ்தவக் குடியேற்ற நகரம் எழுந்தது. 1276இல் முஸ்லிம்கள் மறுபடி கிளர்ந்தபோது வயதான அல் அஸ்ரக் திரும்பி வந்து அல்கோயைத் தாக்கினார். மதிலுக்கு முன்னாலேயே கொல்லப்பட்டார். அந்த நேரத்தில் புனித ஜோர்ஜ் வெள்ளைக் குதிரையில் மதில்மேல் தோன்றினார் என்பது ஊரின் நம்பிக்கை. அதனால் அவர் ஊரின் காவலரானார். அதே வருடம் ஜூலையில் மன்னர் ஜெய்மேயும் இறந்துபோனார்.

விழாவின் மூன்றாம் நாள் இதையே நடித்துக் காட்டுவார்கள். நகரச் சதுக்கத்தில் மரக்கோட்டை ஒன்று கட்டப்பட்டிருக்கும். காலையில் மூர் தூதுவர் குதிரையில் வந்து கோட்டையை ஒப்படைக்கக் கேட்பார். மறுப்பார்கள். பழங்காலத் துப்பாக்கிகளில் கருமருந்து வெடிக்கும். தெருவே புகையாகும். மூர்கள் வென்று பிறைக்கொடியை ஏற்றுவார்கள். பின்னேரம் எல்லாம் தலைகீழாகும். கிறிஸ்தவர்கள் கோட்டையை மீட்பார்கள். அந்தி சாயும் நேரம் புனித ஜோர்ஜாக வேடமிட்ட ஒரு சிறுவன் கோட்டை மேல் தோன்றி அம்பு எய்வான். விழா முடிந்துவிடும். வருடா வருடம் மூருக்குக் கிடைப்பது அரை நாள் வெற்றிதான்.

இனி முக்கியமான ஒரு திகதி. புனித ஜோர்ஜுக்கான வழிபாடு அங்கே பழையது. ஆனால் மூர் படை, கிறிஸ்தவப் படை என்று பிரிந்து ஊர்வலம் போனதைச் சொல்லும் அறியப்பட்ட முதல் விவரிப்பு 1668ஆம் வருட விழாவைப் பற்றியது. ஊரின் வரலாற்றை எழுதிய கார்போனெல் என்பவரின் 1672ஆம் வருட நூலில் அது இருக்கிறது. இந்த 1668 என்ற வருடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது கேள்விக்கு அது தேவை.

நாம் கண்ட ஆடைகளும் இசையும் இன்னும் பிந்தியவை. 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அரசுரிமைப் போரில் அல்கோய் தோற்ற பக்கம் நின்றது. விழா தடைப்பட்டு, 1741இல்தான் மறுபடி தொடங்கியது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர்களுக்குக் "கிழக்கு" பற்றிய ஒரு மோகம் பிடித்திருந்தது. அரண்மனை, ஒட்டகம், முகத்திரை என்று ஓவியங்களிலும் நாடகங்களிலும் அது நிறைந்தது. 1859, 1860இல் ஸ்பெயின் மொரோக்கோவோடு போரும் செய்தது. ஊர்வலத்து ஆடைகளில் அந்தக் காலத்தின் சாயல் இருக்கிறது. நெசவும் தையலும் தெரிந்த ஊர் என்பதால் வேலைப்பாடு மிக நேர்த்தி. ஆனால் அல் அஸ்ரக்கின் ஆட்கள் உடுத்திய உடுப்பு அதுவல்ல. மூர் நடைக்கான முதல் இசை என்று அவர்கள் சொல்லும் "மார்ச்சா அபென்ஸெர்ராஹே"யை பெரெஸ் வெர்து என்பவர் 1907இல்தான் அமைத்தார். முரசு கேட்டதும் "அந்தலூஸின் இசை" என்று எமக்குத் தோன்றுவது, எமது மூத்தப்பாக்களின் வாப்பா காலத்தில் ஒரு ஸ்பானியர் எழுதிய இசை.

ஒரு கசப்பான விடயத்தையும் மறைக்கக் கூடாது. அயல் ஊர்கள் சிலவற்றில் விழாவின் முடிவில் "மகோமா" என்ற பெயரில் ஒரு பெரிய உருவத்தை வைத்து அதன் தலையை வெடிவைத்து உடைக்கும் வழக்கம் இருந்தது. அந்தப் பெயர் யாரைக் குறிக்கிறது என்று உங்களுக்கு விளங்கும். 1960களில் வத்திக்கான் சங்கம் கூடிய பின்னர் பல ஊர்கள் அதைக் கைவிட்டன. போகைரென்ட் என்ற ஊர் 2006இல் நிறுத்தியது. யாரும் படையெடுத்துப் போய் நிறுத்தவில்லை. அந்த மக்களே யோசித்து நிறுத்தினார்கள். இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

3) இதில் இல்லாதவர் யார்?

அல் அஸ்ரக் மாண்ட பின்னும் அவரது மக்கள் அந்த மலைகளை விட்டுப் போகவில்லை. இன்னும் முந்நூறு வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்தார்கள். கல்லடுக்கிப் படிக்கட்டு வயல் அமைத்தார்கள். வாய்க்கால் வெட்டினார்கள். அரபி பேசினார்கள். 1492இல் கிரனாடா வீழ்ந்தது எல்லோருக்கும் தெரியும். வலென்சியாவின் முஸ்லிம்களுக்கு அதற்குப் பிறகும் மார்க்க உரிமை இருந்தது. 1520களின் தொடக்கத்தில் நடந்த ஒரு கலவரத்தில் பலருக்குப் பலவந்தமாக ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது. 1525இல் மன்னரின் உத்தரவு வந்தது. மதம் மாறு, இல்லாவிட்டால் வெளியேறு. அதன் பின் அவர்களின் பெயர் "மொரிஸ்கோ". வெளியே கிறிஸ்தவர், உள்ளே பெரும்பாலானோர் மறைவாகத் தொழுத முஸ்லிம்கள்.

1609 செப்டெம்பர் 22ஆம் திகதி வலென்சியாவில் அரச பிரகடனம் வாசிக்கப்பட்டது. மன்னர் மூன்றாம் பிலிப். மொரிஸ்கோக்கள் எல்லோரும் மூன்று நாள்களுக்குள் கப்பல் ஏறும் இடங்களுக்குப் புறப்பட வேண்டும். கையில் தூக்கக் கூடியதை மட்டும் கொண்டுபோகலாம். வீட்டை எரித்தால், பொருளைப் புதைத்தால் மரண தண்டனை. அந்தப் பிரகடனத்தில் இன்னொரு வாசகமும் இருந்தது. நூறு குடும்பத்துக்கு ஆறு குடும்பம் இருக்கலாம். எதற்கு? வீடுகளையும் சீனி ஆலைகளையும் நெல்லையும் வாய்க்கால்களையும் பராமரித்து, புதிதாக வருபவர்களுக்குப் பழக்கிக் கொடுப்பதற்கு.

யாழ்ப்பாணத்திலிருந்து 1990 ஒக்டோபரில் சில மணி நேர அவகாசத்தில் வெளியேறிய எமது உறவுகளுக்கு இந்த மூன்று நாளைப் பற்றி நாம் விளக்கத் தேவையில்லை.

வலென்சியாவிலிருந்து மட்டும் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் போனார்கள். அந்த இராச்சியத்தின் சனத்தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. தெனியா முதலான துறைகளிலிருந்து வட ஆபிரிக்காவுக்குக் கப்பலேற்றினார்கள். போக மறுத்து லகுவார் பள்ளத்தாக்கின் மலையில் ஏறியவர்கள் தோற்கடிக்கப்பட்டார்கள். 1614க்குள் முழு ஸ்பெயினிலிருந்தும் வெளியேற்றப்பட்டோர் மூன்று இலட்சம் வரை.

இப்போது அந்த வருடத்துக்கு வாருங்கள். வலென்சியாவின் மூர்களைக் கப்பலேற்றத் தொடங்கியது 1609இல். மூர் படையோடு ஊர்வலம் போனதைச் சொல்லும் முதல் விவரிப்பு 1668இல். இடையில் 59 வருடம். அதாவது தெருவில் உண்மையான மூர் ஒருவர்கூட இல்லாமல் போன பிறகு, அவர்களை நேரில் கண்ட தலைமுறையும் ஏறக்குறைய மறைந்த பிறகு, மூர் வேடம் அங்கே எமக்குக் கண்ணில் படுகிறது.

அல்கோயிலிருந்து அதிக தூரம் இல்லாத அல்கலா பள்ளத்தாக்கில், அல் அஸ்ரக்கின் சொந்த இடத்தில், லட்சுவியேதா என்று ஒரு பாழூர் இருக்கிறது. மொரிஸ்கோக்களின் ஊர். கூரை இல்லாத கல்வீடுகள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. வெற்றான பள்ளத்தாக்குகள் பலவற்றில் மயோர்க்காத் தீவிலிருந்து கிறிஸ்தவர்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். தார்பெனா என்ற ஊரில் மயோர்க்காப் பேச்சுச் சாயல் இன்னும் இருக்கிறது. ஆனால் ஊர்ப் பெயர்கள் மாறவில்லை. பெனியோபா, பெனிமார்ஃபுல், பெனிஃபயிம். இவை எல்லாம் அல்கோயைச் சுற்றியுள்ள ஊர்கள். "பெனி" என்பது "பனூ", இன்னாரின் மக்கள். உலகம் முழுக்கத் தெரிந்த உல்லாசக் கடற்கரை நகரம் பெனிதோர்முக்கும் அதே முன்னொட்டுத்தான். பெயர்ப்பலகையில் "இன்னாரின் மக்கள்" என்று இருக்கிறது. அந்த மக்கள்தான் இல்லை.

மூன்றாவது கேள்விக்குப் பதில் இது. ஊர்வலத்தில் இல்லாதவர் மூர்தான்.

நாம் இதை எப்படிப் பார்ப்பது?

கோபத்தோடு பார்க்கலாம். "எமது மக்களைத் துரத்திவிட்டு எமது உடுப்பில் கூத்தாடுகிறார்கள்" என்று ஒரு பதிவு எழுதினால் ஆயிரம் பேர் பகிர்வார்கள். ஆனால் அது நியாயமாக இருக்காது. இன்று ஆடுபவர்கள் துரத்தியவர்கள் அல்ல. ஊரில் பாதிப்பேர் விரும்பியே மூர் பக்கம் சேர்கிறார்கள். வாப்பா மூர் என்றால் பெரும்பாலும் மகனும் மூர். மூர் படைக்குத்தான் மிக அழகான அங்கியும் மிக இனிய இசையும் கொடுத்திருக்கிறார்கள். தோற்றவனை அசிங்கமானவனாகக் காட்டும் கூத்துகள் உலகில் நிறைய. இது அப்படியல்ல.

மகிழ்ச்சியோடும் பார்க்க முடியாது. எவ்வளவு அழகாக உடுத்தினாலும், அந்த மூர் என்ன உடுக்க வேண்டும், எப்படி நடக்க வேண்டும், எந்த நேரத்தில் தோற்க வேண்டும் என்று முடிவு செய்பவர் வேறொருவர். மூர் சொல்ல வேண்டிய வசனத்தையும் அவர்தான் எழுதுகிறார். "நாங்கள் சுருட்டுப் பிடிப்பதில்லை" என்று சொல்லக்கூட அந்த இடத்தில் ஓர் ஆள் மிச்சமில்லை.

இனி மாணவியின் கேள்வி. அவர்களும் நாங்களும் ஒரே ஆட்களா?

இரத்தத்தால் அல்ல மகள். "மூர்" என்பது வடமேற்கு ஆபிரிக்க மக்களுக்கு ரோமர் வைத்த பெயர். ஸ்பானியர் அதை "மோரோ" என்றார்கள், போர்த்துக்கேயர் "மோரோ"வை ஒத்த "மௌரோ" என்றார்கள். தமது நாட்டில் கண்ட முஸ்லிமுக்கு வைத்த பெயரை, கடல் தாண்டிப் போன இடமெல்லாம் கண்ட முஸ்லிம்களுக்கும் வைத்தார்கள். 1505இல் இலங்கைக்கு வந்தபோது எமது முன்னோர்களையும் அப்படியே அழைத்தார்கள். ஒல்லாந்தர் தொடர்ந்தார்கள், ஆங்கிலேயர் குடிசன மதிப்பில் எழுதினார்கள், பிறப்புச் சான்றிதழில் நின்றுவிட்டது. எமக்கு எமது சொல் இருந்தது, சோனகர் என்று. அதுவும் தமிழில் நின்றுவிட்டது.

பெயரோடு மட்டும் முடியவில்லை. 1580 முதல் 1640 வரை ஸ்பெயினுக்கும் போர்த்துக்கல்லுக்கும் ஒரே அரசர். 1609இல் மொரிஸ்கோக்களை வெளியேற்றிய மூன்றாம் பிலிப் போர்த்துக்கல்லின் மன்னராகவும் இருந்தார். அவருக்குப் பின் அவரது மகன் நான்காம் பிலிப். அந்த மகனின் ஆட்சிக் காலத்தில், 1626இல், இலங்கையில் போர்த்துக்கேயரின் ஆட்சிப் பகுதிகளிலிருந்த முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். தகப்பன் காலத்தில் அங்கே, மகன் காலத்தில் இங்கே. இடையில் 17 வருடம்.

வித்தியாசம் இதற்குப் பிறகுதான். வெளியேறியவர்களைக் கண்டி மன்னர் செனரத் ஏற்றுக்கொண்டார். சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினார். கிழக்கில் அதற்கு முன்பும் முஸ்லிம்கள் இருந்தார்கள், பின்பும் வந்து சேர்ந்தார்கள். ஆனால் எமது ஊர்களின் கதையில் அந்த நாலாயிரம் பேருக்கும் ஓர் இடம் உண்டு. ஒரு பௌத்த மன்னர் கொடுத்த நிலத்தில் நெல் விதைத்தவர்களின் பிள்ளைகள் எம்மில் இருக்கிறார்கள். மொரிஸ்கோவுக்குத் தன் நாட்டுக்குள் அப்படி ஒரு செனரத் கிடைக்கவில்லை. நாம் இருக்கிறோம். அதனால் எம்மைப் பற்றி நாமே பேச முடிகிறது.

பேசுகிறோமா என்பதுதான் கேள்வி.

மொரிஸ்கோக்கள் போகும்போதும் ஒரு வேலை செய்துவிட்டுப் போனார்கள். அரகோன், கஸ்தீல் பக்கத்து மொரிஸ்கோக்கள் ஸ்பானிய மொழியை அரபு எழுத்தில் எழுதினார்கள். எமது மூத்தம்மாக்கள் ஓதிய அரபுத்தமிழைப் போலத்தான். 1884இல் அரகோனில் அல்மோனஸித் என்ற கிராமத்தில் ஒரு பழைய வீட்டை உடைத்தபோது, இரட்டைத் தளத்துக்கு நடுவே அந்த எழுத்தில் எழுதிய நூல்கள் கட்டுக்கட்டாகக் கிடைத்தன. ஒருநாள் திரும்பி வருவோம் என்று ஒளித்து வைத்திருப்பார்கள். வரவில்லை. எடுத்தவர்களுக்குப் பெறுமதி விளங்காமல் கொஞ்சம் அழிந்தது. மிஞ்சியதை வைத்துத்தான் இன்று அந்த மக்கள் என்ன ஓதினார்கள், எப்படி நோன்பு பிடித்தார்கள் என்று நாம் அறிகிறோம். அவர்களின் சொந்தக் குரல் ஊர்வலத்தில் இல்லை. அந்தத் தாள்களில் இருக்கிறது.

எமது ஊரில் என்ன நிலைமை? போன வருடம் நாம் ஊர் வரலாறு பற்றி ஓர் ஒப்படை கொடுத்தோம். முப்பத்து நாலு பிள்ளைகளில் தமது மூத்தப்பாவின் வாப்பாவுடைய பெயரை எழுதியவர்கள் ஒன்பது பேர். பள்ளிவாசலின் பழைய கணக்குப் புத்தகம் எங்கே என்று கேட்டால், "வெள்ளத்தில் போயிருக்கும்" என்கிறார்கள். அரபுத்தமிழ்க் கிதாபுகளைக் கறையான் அரித்தது என்று மண்ணில் புதைத்த வீடுகள் எமக்கே தெரியும். கொர்தோவாப் பள்ளிவாசலின் தூண்கள் பற்றி எமது பிள்ளைகள் பேச்சுப் போட்டியில் அழகாகப் பேசுகிறார்கள். தமது ஊர்ப் பள்ளிவாசலின் முதல் கூரையைக் கட்டியவர் யார் என்று தெரியாது.

ஆகவே ஒரு சிறிய வேண்டுகோள்.

அடுத்த முறை இப்படி ஒரு வீடியோ வந்தால், பகிர முன் அந்த மூன்று கேள்வியையும் கேட்டுப் பாருங்கள். அடுத்து, இந்தக் கிழமை உங்கள் வீட்டில் வயதில் மூத்த ஒருவருக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் இருங்கள். எந்த வளவு யாருடையது, எந்தக் கிணறு யார் வெட்டியது, எந்த வருடம் எங்கிருந்து வந்தோம், யாரோடு வயல் செய்தோம் என்று கேட்டு எழுதுங்கள். தொலைபேசியில் பதிந்தாலும் சரி. பழைய உறுதி, கல்யாணப் பதிவு, கிதாபு, படம் எது இருந்தாலும் தூக்கி எறிய வேண்டாம். பாடசாலைக்கு அனுப்புங்கள். பத்தாம் தரப் பிள்ளைகள் படம் எடுத்துப் பதிந்துவிட்டு மூலத்தை உங்களிடமே திருப்பித் தருவார்கள். பயிற்சிப் புத்தகம் ஒன்றை வாங்கி, முதல் பக்கத்தில் ஊரின் பெயரை எழுதி வைத்திருக்கிறோம். கேள்வி கேட்ட மாணவிதான் அதற்குப் பொறுப்பு.

அல்கோயில் அடுத்த ஏப்ரலிலும் மூர் படை நுழையும். மாடங்களில் சனம் கைதட்டும். அழகாகத்தான் இருக்கும். பார்க்கக் கிடைத்தால் பாருங்கள். பார்த்துவிட்டு, அந்தப் பெயர் எழுதப்பட்ட உங்கள் பிறப்புச் சான்றிதழையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

அல்லாஹ் எமது ஊர்களையும் அயலவர்களையும் பாதுகாப்பானாக. எம்மைப் பற்றி உண்மையை எழுதும் கைகளை எமது பிள்ளைகளுக்குத் தருவானாக. பிழை இருந்தால் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்வோம்.

வஸ்ஸலாம்.